குலுங்கியதும் பட்டியலில் என்ன பார்ப்பது: சான் ரமோன் அனுபவம்

கலிஃபோர்னியாவின் சான் ரமோன், டப்ளின், டான்வில் பக்கம் குடியிருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 2025 நவம்பருக்குப் பிறகு அதிகம் ஓடிய கேள்வி "ஃபீல் பண்ணீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். நவம்பரில் ஆரம்பித்த சிறு நிலநடுக்கங்கள் டிசம்பரிலும் ஓயவில்லை. பெரும்பாலானவை 2, 3 அளவுக்குள். சில மட்டும் 4-ஐ ஒட்டி வந்தன. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. ஆனால் தூக்கம் போனது, வதந்தி பெருகியது, நிலநடுக்கப் பட்டியலை எப்படிப் படிப்பது என்ற படிப்பும் தானாக வந்து சேர்ந்தது.

பக்கத்திலேயே, பத்து கிலோமீட்டருக்குள்ளான ஆழத்தில் வரும் 3-ம் அளவு நடுக்கம் ஓர் ஆட்டமாகவே தோன்றாது. முதலில் சத்தம்தான். குப்பை லாரி வந்து கராஜ் கதவில் மோதினாற்போல ஒரு 'டம்'. அடுத்து ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி, அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். பூஜை மணி ஒரு தட்டு தட்டிவிட்டு நிற்கும். அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் தடவை, "டேய், எவனோ வண்டியக் கொண்டாந்து இடிச்சுட்டான் பாரு" என்று வாசல் பக்கம் போனார். "இடிக்கலம்மா, பூமி ஆடுச்சு" என்று சொன்னதும், "அப்ப வெளிய வாடா, உள்ள என்ன பண்ற?" என்றார். இந்த வெளியே ஓடும் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

குலுங்கியதும் எல்லோரும் போனை எடுப்போம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் வரைபடத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு வட்டம் முளைக்கும். அந்த வட்டத்தை வாஷிங்டனில் உட்கார்ந்து யாரும் வைப்பதில்லை. வடக்குக் கலிஃபோர்னியாவுக்கென்று தனிக் கண்காணிப்பு வலையமைப்பு இருக்கிறது. யுஎஸ்ஜிஎஸ்ஸும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நிலநடுக்க ஆய்வகமும் சேர்ந்து நடத்துகின்றன. தெற்குக் கலிஃபோர்னியாவை கால்டெக்கும் யுஎஸ்ஜிஎஸ்ஸும் பார்த்துக்கொள்கின்றன. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது 'என்சி' என்று தொடங்கினால் வடக்கு வலையமைப்பு கொடுத்தது, 'சிஐ' என்றால் தெற்கு, 'யுஎஸ்' என்றால் தேசிய மையம். அருகிலிருக்கும் வலையமைப்புக்குத்தான் கருவிகள் நெருக்கமாக இருக்கும் என்பதால் உள்ளூர் நடுக்கத்துக்கு அதன் கணக்கே கூடுதல் நம்பகமானது. பெர்க்லியிலும் ஹாமில்டன் மலையிலுள்ள லிக் வானாய்வகத்திலும் 1887-லேயே நிலநடுக்கமானிகள் வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் பூமியைக் காது கொடுத்துக் கேட்கும் வேலை அவ்வளவு பழையது.

நான் முதலில் பார்ப்பது அளவை அல்ல, நிலையை. 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா, 'ரிவ்யூட்' என்று இருக்கிறதா என்பது அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். முதல் சில நிமிடங்களில் வருவது கணினி தானாகப் போட்ட கணக்கு. நிபுணர் ஒருவர் அலைவரைவைப் பார்த்துச் சரிசெய்த பிறகு 3.4 என்பது 3.2 ஆகலாம், 3.6 ஆகலாம், ஆழம் மாறலாம், வட்டமே ஒரு கிலோமீட்டர் நகரலாம். குழுவில் ஒருவர் 3.8 என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார், இன்னொருவர் 3.6 என்று போடுவார், "யுஎஸ்ஜிஎஸ் மறைக்குது சார்" என்று மூன்றாமவர் கிளம்பிவிடுவார். யாரும் எதையும் மறைக்கவில்லை. இரண்டு படங்களும் வெவ்வேறு நிமிடத்தில் எடுத்தவை.

அப்புறம் ஆழமும் தூரமும். 60 கிலோமீட்டர் தள்ளி வந்த 4-ஐவிட, காலடியில் 8 கிலோமீட்டர் ஆழத்தில் வந்த 3 வயிற்றைக் கலக்கும். அளவு என்பது மூலத்தில் எவ்வளவு சக்தி வெளிப்பட்டது என்பதைச் சொல்லும் ஒரே ஓர் எண். உங்கள் வீட்டில் எவ்வளவு ஆட்டம் என்பது தீவிரம். அது தெருவுக்குத் தெரு, மண்ணுக்கு மண் மாறும். அதனால்தான் யுஎஸ்ஜிஎஸ்ஸின் 'டிட் யூ ஃபீல் இட்' என்ற படிவத்தை நிரப்பச் சொல்கிறேன். இரண்டு நிமிட வேலை. மணி அடித்ததா, படம் சாய்ந்ததா, நடந்துகொண்டிருந்தீர்களா படுத்திருந்தீர்களா என்று கேட்பார்கள். எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் பதியலாம், அதுவும் தகவல்தான்.

அம்மா பட்டியலைப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் புதுப் பிரச்சினை ஆரம்பித்தது. எல்லா அளவையும் காட்டும்படி யாரோ அமைப்பை மாற்றிவிட, ஒரே நாளில் பத்தி பத்தியாக நடுக்கங்கள் ஓடின. "இவ்வளவு ஆடுது, நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போறீங்க" என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பாதிக்கு மேல் 'தி கெய்சர்ஸ்', 'காப்' என்ற இரண்டு பெயர்களிலேயே இருந்தன. எங்களுக்கு வெகு வடக்கே, பூமிக்குள்ளிருந்து நீராவி எடுத்து மின்சாரம் தயாரிக்கும் வயல் அது. நீராவி குறையாமல் இருக்க சுத்திகரித்த கழிவுநீரை உள்ளே செலுத்துகிறார்கள். சுடுபாறையில் அந்தத் தண்ணீர் இறங்கும்போது 1, 1.5 அளவில் நாள் முழுக்கச் சிறு நடுக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். கல்குவாரி வெடிகளும் பட்டியலில் வரும், ஆனால் 'குவாரி பிளாஸ்ட்' என்று குறித்திருப்பார்கள். எங்கோ தூரத்தில் பெரிய நடுக்கம் வந்தால் அதன் அலையைக் கணினி உள்ளூர் நடுக்கமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அவை பிறகு நீக்கப்படும். அம்மாவின் போனில் 2.5-க்கு மேல் மட்டும் காட்டும்படி வைத்ததும் பட்டியல் சட்டென்று மெலிந்தது. சாப்பாடும் இறங்கியது.

இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆறுதல் வசனம் இருக்கிறது. பாட்லக்கில் பிரியாணித் தட்டோடு ஒருவர் வந்து சொல்வார்: "நல்லதுதான் சார், கொஞ்சம் கொஞ்சமா ரிலீஸ் ஆயிடுது. பெருசு வராது." கேட்க இதமாக இருக்கும், கணக்கு ஒத்துழைக்காது. அளவு ஒன்று கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. ஆக 7-ம் அளவு நடுக்கம் ஒன்றின் சக்தியைத் தீர்க்க 3-ம் அளவு நடுக்கங்கள் ஏறக்குறைய பத்து லட்சம் வேண்டும். சான் ரமோனில் நூற்றுக்கணக்கில் வந்தாலும், பூமிப் பாறைகள் உரசி நகரும் பெரிய பிளவின் கடனில் அது வட்டிக்குக்கூடக் காணாது.

எதிர்த்திசை பயமும் அதே அளவு தவறு. "இது முன்னோட்டம், பெருசு பின்னால வருது" என்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம் போதும்: கலிஃபோர்னியாவில் ஒரு நடுக்கத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு சுமார் 20-ல் 1. அதிலும் முதல் சில நாட்களில்தான் வாய்ப்பு கூடுதல், போகப்போகக் குறைந்துவிடும். சான் ரமோன் பகுதிக்கு இந்த மாதிரி வரிசை புதிதும் அல்ல. 1970-லிருந்து பல தடவை வந்திருக்கிறது. 2015 அக்டோபரில் வந்தபோது சில வாரங்களில் நூற்றுக்கணக்கில் பதிவாயின. அவை எதுவும் பெரிய நடுக்கத்தில் முடியவில்லை. கலவெராஸ் பிளவு இந்தப் பக்கம் வந்து முடிந்து, அசைவு அடுத்தடுத்த சிறு பிளவுகளுக்குக் கைமாறும் சிக்கலான இடம் இது. பாறை இடுக்குகளில் திரவம் புகுவதும் இந்த வரிசைகளுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தேதி சொல்லி வரும் ஃபார்வர்டுகளை நான் படிப்பதோடு சரி. மத்தியக் கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒரு தடவை 6-ம் அளவு நடுக்கம் வந்துகொண்டிருந்தது. 1993-க்குள் அடுத்தது வரும் என்று சொல்லி, ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பர் 28 அன்று வந்தது. உலகிலேயே நெருக்கமாகக் கண்காணித்த இடத்துக்கே இந்தக் கதி என்றால், வாட்ஸ்அப் ஜோசியருக்கு என்ன தனிக் கருவி கிடைத்திருக்கப் போகிறது?

எச்சரிக்கை செயலிகள் பற்றி நிறையக் குழப்பம் உண்டு. "வீடே அதிருது, மைஷேக் ஏன் கத்தல?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். மைஷேக் செயலி 4.5 அளவுக்கு மேல் என்று மதிப்பிட்டால்தான் அலறும், நீங்கள் இருக்கும் இடத்தில் ஓரளவு ஆட்டமும் எதிர்பார்க்கப்பட வேண்டும். 3-க்கெல்லாம் அது வாயே திறக்காது. இன்னொன்று, அது முன்னறிவிப்பே கிடையாது. பிளவு உடைந்த பிறகு, வேகமாக வரும் முதல் அலையைப் பக்கத்துக் கருவிகள் பிடித்து, மெதுவாக வரும் பலமான அலை உங்களை எட்டும் முன் செய்தி அனுப்புகின்றன. முதல் அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், இரண்டாவது சுமார் 3.5. மையத்துக்கு மேலேயே வீடு இருந்தால் இரண்டுக்கும் இடைவெளியே இல்லை, அலாரம் ஆட்டத்துக்குப் பிறகுதான் வரும். தள்ளியிருந்தால் சில நொடி கிடைக்கும். அந்தச் சில நொடியில் அடுப்பை அணைத்துவிட்டு மேஜைக்கடியில் போகலாம். இங்குள்ள பார்ட் மெட்ரோ ரயில்கள் வேகம் குறைப்பதும் அந்த நொடிகளை வைத்துத்தான்.

இயந்திரம் தப்பும் செய்யும். 2025 டிசம்பர் 4 காலை எட்டு மணி தாண்டியதும், நெவாடாவில் கார்சன் சிட்டி பக்கம் 5.9 என்று அலாரம் வந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் பலருடைய போன்கள் அலறின. அப்படி ஒரு நடுக்கமே நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யுஎஸ்ஜிஎஸ் அதை ரத்து செய்தது. ஏற்கெனவே சான் ரமோன் ஆட்டத்தில் நொந்துபோயிருந்தவர்கள் "இதை நம்பி என்ன பிரயோஜனம்" என்று செயலியையே அழித்தார்கள். நான் அழிக்கவில்லை. மேஜைக்கடியில் முப்பது நொடி வீணாக உட்கார்ந்ததில் எனக்கு என்ன நஷ்டம்? ஆனால் அன்று கவனித்த ஒன்று: ஆட்டம் வரவில்லை என்றால் உடனே அடுத்தவருக்கு ஃபார்வர்டு செய்யாமல் பட்டியலைப் பார்க்க வேண்டும். பொய்யான நிகழ்வு பட்டியலில் நிலைக்காது.

அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பு, 2024 டிசம்பர் 5 காலை 10:44-க்கு, மென்டசினோ முனைக்கு அப்பால் கடலில் நிஜமாகவே 7.0 வந்தது. நான் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் இருந்தேன், எனக்கு ஆட்டமே தெரியவில்லை. தெரிந்தது போன்கள் மொத்தமாகக் கத்தியதுதான்: சுனாமி எச்சரிக்கை, கரையை விட்டு விலகுங்கள். மதுரையில் நள்ளிரவு தாண்டியிருந்தது, அக்கா கூப்பிட்டுவிட்டார். "தம்பி, கடல்கிட்டயா இருக்க? மேல ஏறுடா முதல்ல." 2004 சுனாமியைப் பார்த்த தலைமுறைக்கு அந்தச் சொல்லே போதும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனபின் எச்சரிக்கையை விலக்கினார்கள். அந்தப் பிளவில் இரண்டு பக்கமும் கிடைமட்டமாக உரசி நகர்ந்ததால் கடல்தரை பெரிதாக மேலெழவில்லை, தண்ணீரும் பெரிதாகத் தள்ளப்படவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு தெரிவது. எச்சரிக்கை வந்த நிமிடத்தில் அக்கா சொன்னதுதான் சரி. அன்று வளைகுடாவுக்கு அடியில் போகும் சுரங்கத்தில் பார்ட் ரயிலும் நின்றது. ரயிலை நம்பி மட்டும் வீடு திரும்பும் திட்டம் வைத்திருந்தவர்கள் முழித்தார்கள்.

இனி அம்மாவின் "வெளிய வாடா". நம் ஊரில் கல், செங்கல், மண் சுவர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வெளியே ஓடுவதுதான் உள்ளுணர்வு. இங்கே தனி வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டம். அவை வளைந்து கொடுக்கும், நொறுங்கி விழுவது அரிது. காயம் வருவது பெரும்பாலும் மேலிருந்து விழும் பொருட்களாலும் உடைந்த கண்ணாடியாலும், ஆடும்போது ஓடித் தடுக்கி விழுவதாலும். ஆகவே குனி, மேஜைக்கடியில் மறை, மேஜைக் காலைப் பிடித்துக்கொள். படுக்கையில் இருந்தால் படுக்கையிலேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடு. அம்மாவுக்குக் குனிந்து மேஜைக்கடியில் போக முட்டி ஒத்துழைக்காது. அவருக்கென்று ஹாலில் ஜன்னல், அலமாரி எதுவும் இல்லாத ஓர் உள்சுவர் ஓரமாக நாற்காலி போட்டோம். உட்கார்ந்தபடி குனிந்து இரண்டு கையாலும் கழுத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் மூன்றாவது வியாழன் காலையில் ஊரே செய்யும் ஷேக்அவுட் பயிற்சி பேரனின் பள்ளியில் நடக்கும், அவன்தான் பாட்டிக்கு வாத்தியார்.

வீட்டுக்குள் மாற்றியவை அதிகமும் சமையலறையிலும் பூஜை அலமாரியிலும்தான். கடைகளில் விற்கும் நிலநடுக்கப் பை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கிரைண்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல் வைத்த வெட் கிரைண்டர் மேல் தட்டில் உட்கார்ந்திருந்தால் அது காத்திருக்கும் ஆயுதம். அது இப்போது தரை அலமாரியில். அரிசி, பருப்பு டப்பாக்களும் கீழே. மேலே பிளாஸ்டிக்கும் அப்பளமும் மட்டும். பித்தளைக் குத்துவிளக்கு கீழ்த் தட்டுக்கு வந்தது. சிறு விக்கிரகங்களுக்கு அடியில் மியூசியம் புட்டி என்று விற்கும் ஒட்டுமாவைக் கொஞ்சம் வைத்தோம், எடுக்கும்போது தடயமில்லாமல் வந்துவிடுகிறது. விளக்கேற்றிவிட்டு யாரும் மாடிக்குப் போவதில்லை என்பது புது விதி. அம்மாவே போட்டது. கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டக் கல்யாணப் படம் எதிர்ச்சுவருக்குப் போனது. டிவி, புத்தக அலமாரி இரண்டையும் பட்டை போட்டுச் சுவர்க்கட்டையோடு திருகினோம். வெறும் ஜிப்சம் பலகையில் திருகினால் பிய்த்துக்கொண்டு வரும், உள்ளேயிருக்கும் மரக்கட்டையைத் தட்டிக் கண்டுபிடித்துத்தான் திருக வேண்டும். ஒவ்வொரு கட்டிலடியிலும் ஒரு ஜோடி ஷூ, ஒரு டார்ச். இரவில் கண்ணாடி உடைந்த தரையில் வெறுங்காலோடு இறங்குவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

தண்ணீர்: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், குறைந்தது மூன்று நாளுக்கு, முடிந்தால் இரண்டு வாரத்துக்கு என்பது இங்கே சொல்லும் கணக்கு. வாட்டர் ஹீட்டரிலேயே 40, 50 கேலன் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அது சாயாமல் நின்றால்தான் அந்தத் தண்ணீர் நமக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கராஜில் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் உரிமையாளரிடம் கேளுங்கள்.

கேஸ் விஷயத்தில் அவசரம் கூடாது. நாற்றமோ சீறும் சத்தமோ இருந்தால் மட்டும் வால்வை கால் சுற்று திருப்பி மூட வேண்டும். ஸ்பானரை மீட்டர் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சின்ன ஆட்டத்துக்கும் மூடக் கூடாது. மூடினால் திரும்பத் திறக்க கேஸ் நிறுவனத்து ஆள்தான் வர வேண்டும், பெரிய நடுக்கத்துக்குப் பின் அவர் வர எத்தனை நாளாகுமோ.

குடும்பத் தொடர்புக்கு மாநிலத்துக்கு வெளியே ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். டாலஸில் இருக்கும் மச்சானை வைத்திருக்கிறோம். உள்ளூரில் ஒருவரையொருவர் அழைக்காமல் எல்லோரும் அவருக்கு "நலம், வீட்டில் இருக்கிறேன்" என்று குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குரல் அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி நுழைந்துவிடும். மதுரைக்குத் தகவல் சொல்வதும் அவர் வேலை. பள்ளியில் கொடுக்கும் அவசரப் படிவத்தில் எங்கள் இருவர் பெயர் மட்டும் இருந்தது. இருவருமே வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால்? நடந்தே பள்ளிக்குப் போகக்கூடிய இரண்டு குடும்பங்களின் பெயரைச் சேர்த்தோம். அவர்களுடைய படிவத்தில் எங்கள் பெயரும் ஏறியது.

கடைசியாகக் காசு. சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கச் சேதத்துக்குப் பணம் தராது, தனியாக எடுக்க வேண்டும். கலிஃபோர்னியா எர்த்குவேக் அத்தாரிட்டியின் பாலிசிகளில் நாம் முதலில் ஏற்க வேண்டிய பங்கு 5 முதல் 25 சதவீதம் வரை. வீட்டின் காப்பீட்டுத் தொகை 8 லட்சம் டாலர், பங்கு 15 சதவீதம் என்றால் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் நம் கைக்காசு. சுவர் விரிசல், புகைபோக்கி சாய்வு மாதிரியான சேதத்துக்கு ஒரு பைசா வராது, வீடே போனால்தான் அர்த்தம். 2014-லிருந்து 2043-க்குள் வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேல் ஒரு நடுக்கம் வர 72 சதவீதம் வாய்ப்பு என்று யுஎஸ்ஜிஎஸ் கணக்கிட்டிருக்கிறது. அது எங்கள் தெருவுக்கான கணக்கு கிடையாது, மொத்தப் பகுதிக்கு. நாங்கள் யோசித்து 15 சதவீதப் பாலிசி எடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கவில்லை. அவர் வீடு 1980-க்கு முந்தையது. காப்பீட்டுப் பணத்தை வருடாவருடம் கட்டுவதற்குப் பதில் வீட்டை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்குகிறேன் என்றார். அதற்கு பிரேஸ் அண்டு போல்ட் என்ற திட்டத்தில் 3,000 டாலர் வரை மானியம் கிடைக்கும். தகுதி இருக்கிறதா என்று பார்த்து அவர் விண்ணப்பித்துவிட்டார். அவருடைய கணக்கிலும் எனக்குக் குறை தெரியவில்லை.